கேட்டைக்குக் கீழே, தூசிக்குப் பின்னால்: டபிள்யூ26 எவ்வளவு பெரியது?

பக்கத்து வீட்டுப் பெண், இரண்டாம் பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கிறாள், வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டிருந்தாள்: “மாமா, ஒரு வீடியோல ஸ்டீபன்சன் 2-18தான் இருக்கறதுலயே பெரிய நட்சத்திரம், சூரியனைவிட 2150 மடங்குன்னு சொல்றாங்க. இன்னொண்ணுல வெஸ்டர்லண்ட் 1ல இருக்கற டபிள்யூ26ன்னு சொல்றாங்க. எது சரி? இதையெல்லாம் எப்படி அளந்தாங்க? அது வெடிச்சா நமக்கு ஏதாவது ஆகுமா?”

முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். இதற்கு இரண்டு வரியில் பதில் போட்டுவிட மனசு வரவில்லை. கேள்வி நல்ல கேள்வி. விரிவாகவே எழுதுகிறேன், உன்னைப் போல வேறு யாருக்காவதும் உதவும்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டில் எது பெரியது என்று இன்றைக்கு யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சூரியனைப் போல 2150 மடங்கு ஆரம் என்ற எண் கணக்குப் போட்டு வந்தது, அந்தக் கணக்குக்குள் போன தூரமே இன்னும் உறுதியாகவில்லை. வெடித்தால் நமக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நீ சொன்ன இரண்டு நட்சத்திரங்களின் பெயரையும் கவனி. இரண்டுமே ஒரு நட்சத்திரக் கொத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். தனியாக நிற்கும் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து வயது சொல்வது பெரும்பாடு. கூட்டத்தில் நிற்பதன் வயதை அக்கம்பக்கத்தார் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லும்போது அவர்களுக்குள் சண்டை வந்தால் இன்னும் நல்லது. வெஸ்டர்லண்ட் 1-இல் இப்போது அந்தச் சண்டைதான் நடக்கிறது.

முதலில் அது வானத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

போன ஏப்ரலில் மொட்டைமாடியில் கேட்டையைக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? கீழே தெருவிளக்கின் வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒதுங்கி நின்றோம். பெங்களூர் கம்மனஹள்ளி வானத்தில் தெரிவதே பத்துப் பதினைந்து நட்சத்திரம்தான், அதில் கேட்டை மட்டும் சிவப்பாகத் தனித்துத் தெரிந்தது. உன் பாட்டி உடனே “கேட்டை, மூட்டை, செவ்வாய்க்கிழமை” என்றார்கள். அந்தச் சொலவடையில் கேட்டையும் செவ்வாயும் பக்கத்தில் பக்கத்தில் வருவதை நான் ரசிப்பது உண்டு. ஏனென்றால் கேட்டைக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் ஆன்டாரிஸ். செவ்வாய்க்குப் போட்டி என்று பொருள். செவ்வாய்க் கிரகம் அந்தப் பக்கம் வரும்போது இரண்டும் ஒரே நிறத்தில் அருகருகே நிற்கும். டபிள்யூ26 போலவே கேட்டையும் ஒரு சிவப்பு சூப்பர்ஜெயன்ட், அதாவது முதுமையில் ஊதிப் பெருத்த சிவப்பு நட்சத்திரம். மார்கழியில் களி செய்து கும்பிடுகிறோமே, அந்தத் திருவாதிரையும் ஒன்று, பெடல்ஜியூஸ். ஆக, நம் இருபத்தேழு நட்சத்திரங்களில் இரண்டு இந்த ஜாதி. உனக்கு இது புதிய ஆள் இல்லை.

கேட்டையிலிருந்து தேளின் உடல் வழியாகக் கீழே இறங்கு. மூலத்தின் வால் வளைந்து திரும்பும் இடத்துக்குக் கீழே, தெற்கே 46 டிகிரியில் வெஸ்டர்லண்ட் 1 இருக்கிறது. பெங்களூர் இருப்பது வடக்கே 13 டிகிரியில். 90-இலிருந்து 13-ஐயும் 46-ஐயும் கழித்தால் 31. அதாவது அந்தக் கொத்து உச்சத்துக்கு வரும்போது நம் தெற்குத் தொடுவானத்துக்கு மேல் 31 டிகிரி உயரத்தில் இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. மூன்று முஷ்டி உயரம். டில்லியில் இருக்கும் உன் சித்தப்பாவுக்கு ஒன்றரை முஷ்டிதான் கிடைக்கும், அதுவும் புழுதியில் போய்விடும். தெற்கே இருப்பதில் நமக்கு இந்த ஒரு லாபம்.

ஆனால் அந்த இடத்தை எவ்வளவு பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. நமக்கும் அதற்கும் நடுவில் பால்வீதியின் தூசி அடைத்துக்கொண்டு நிற்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் அந்தத் தூசியைத் தாண்டி வருகிறது. நீல ஒளி அதிகம் அடிபடும், சிவப்பு குறைவாக, அகச்சிவப்பு இன்னும் குறைவாக. அதனால்தான் இவ்வளவு பெரிய கொத்து 1961 வரை யார் கண்ணிலும் படவில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த பெங்க்ட் வெஸ்டர்லண்ட் அந்த வருடம் ஆஸ்திரேலியாவில் இருந்து பார்த்துக் கண்டுபிடித்தார். ஸ்டீபன்சன் 2 இன்னும் தாமதம், 1990. அதுவும் அகச்சிவப்புக்கு நெருக்கமான ஒளியில் எடுத்த படத்தகடுகளில்தான் அகப்பட்டது.

சரி, அளவுக்கு வருவோம்.

ஒரு நட்சத்திரத்தின் அகலத்தை நேரடியாக அளப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? முதன்முதலில் செய்தது 1920 டிசம்பரில். மவுண்ட் வில்சனில் 100 அங்குலத் தொலைநோக்கியின் மேல் 20 அடி நீளச் சட்டத்தை ஏற்றி, மைக்கல்சனும் பீஸும் நம் திருவாதிரையை அளந்தார்கள். கிடைத்த கோணம், ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கான விகலையில் 0.047. புரிகிற மாதிரிச் சொல்கிறேன். கோலார் தங்கவயல் இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். அங்கே ஒருவர் ஒரு ரூபாய் நாணயத்தைத் தூக்கிப் பிடித்தால், நம் மாடியிலிருந்து பார்க்க அது எவ்வளவு பெரிதாக இருக்குமோ, ஆகாயத்தில் திருவாதிரை அவ்வளவு பெரிது. டபிள்யூ26 அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

அதனால் சுற்றுவழி. ஒரு நட்சத்திரம் எவ்வளவு ஒளி கொட்டுகிறது, அதன் மேற்பரப்பு எவ்வளவு சூடு, இந்த இரண்டும் தெரிந்தால் அதன் அளவு தானாக வந்துவிடும். முதல் பியூசியில் ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதி படித்திருக்கிறாய், அதேதான். நீயே போட்டுப் பார். ஸ்டீபன்சன் 2-18-க்கு ஒளி சூரியனைப் போல 4,40,000 மடங்கு, வெப்பநிலை 3200 கெல்வின் என்று ஒரு கணக்கு உண்டு. 4,40,000-க்கு வர்க்கமூலம் 663. சூரியனின் 5772 கெல்வினை 3200-ஆல் வகுத்தால் 1.80, அதன் வர்க்கம் 3.25. பெருக்கினால் 2155. உன் வீடியோவில் வந்த 2150 இதுதான். வேறு ரகசியம் எதுவும் இல்லை.

இப்போது அதே நட்சத்திரத்துக்கு இன்னொரு மதிப்பீட்டை எடுத்துக்கொள், ஒளி 90,000 மடங்கு என்று. வர்க்கமூலம் 300. அதே 3.25-ஆல் பெருக்கு. 975. பாதிக்கும் கீழே! ஒரே நட்சத்திரம், ஒரே விதி, பதில் மட்டும் இப்படி மாறுகிறது. இடையில் இருக்கும் தூசியை எப்படிக் கழித்தோம், நட்சத்திரத்தைச் சுற்றியிருக்கும் அதன் சொந்தத் தூசியை எப்படிச் சேர்த்தோம், தூரம் எவ்வளவு என்று எடுத்துக்கொண்டோம் என்பதைப் பொறுத்து ஒளியின் மதிப்பு ஏறும், இறங்கும். தூரத்தை இரட்டிப்பாக்கினால் ஒளி நான்கு மடங்கு, ஆரம் இரண்டு மடங்கு. அதாவது தூரத்தில் எவ்வளவு சதவீதம் பிழையோ, நட்சத்திரத்தின் அளவிலும் அதே சதவீதம் பிழை.

ஸ்டீபன்சன் 2-18-இல் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம் கொத்தில் உள்ள மற்ற நட்சத்திரங்களின் வேகத்தோடு சரியாக ஒத்துப்போகவில்லை. கொத்தைச் சேர்ந்ததே இல்லையோ என்ற சந்தேகம் அதனால் வந்தது. கொத்தைச் சேர்ந்தது இல்லை என்றால், கொத்தின் தூரமான சுமார் 19,000 ஒளியாண்டை இதற்குப் போட முடியாது. அந்தத் தூரம் போனால் 2150-உம் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. 1961-இல் ஜப்பானின் சூஷிரோ ஹயாஷி ஒரு எல்லையைக் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு நட்சத்திரம் நிலையாக நிற்க வேண்டுமானால் அதன் மேற்பரப்பு ஒரு அளவுக்கு மேல் குளிர முடியாது. குளிர முடியாது என்றால், இருக்கிற ஒளியை வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஊதிப் பெருக்கவும் முடியாது. அந்த எல்லைப்படி பார்த்தால் பெரிய சிவப்பு சூப்பர்ஜெயன்ட்டுகள் சூரியனைப் போல சுமார் 1500 மடங்கில் நின்றுவிட வேண்டும். அதனால் யாராவது 2000, 2500 என்று எண் சொன்னால், முதலில் தூரத்தையும் தூசியையும் எப்படி எடுத்தார்கள் என்று பார்ப்பது என் வழக்கம்.

அந்த 1500 மடங்கே எவ்வளவு என்று பார். சூரியனின் ஆரம் 6.96 லட்சம் கிலோமீட்டர். 1500-ஆல் பெருக்கினால் 104 கோடி கிலோமீட்டர். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் பூமி, செவ்வாய், வியாழன் எல்லாம் உள்ளே போய்விடும், சனி மட்டும் வெளியே நிற்கும். கேட்கப் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது என்ன? இருபது சூரியன்களின் பொருளை எடுத்து, சூரியனைப் போல 337 கோடி மடங்கு பெரிய இடத்தில் பரப்பினால் அடர்த்தி என்ன ஆகும்? நாம் மூச்சு விடும் காற்றைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மெல்லியது. இது சராசரிதான். நடுவில் ஒரு சிறிய இடத்தில் மட்டும் அபார அடர்த்தி, அங்கேதான் அணுக்கரு இணைவு நடக்கிறது. மீதியெல்லாம் கொதிக்கும் ஆவி மாதிரி. சூரியனின் மேற்பரப்பில் கொதிகுமிழ்கள் லட்சக்கணக்கில் இருக்கும். இங்கே ஒரு சில குமிழ்களே முழு முகத்தையும் அடைத்துக்கொள்ளும். பாலைப் பெரிய அண்டாவில் காய்ச்சும்போது நடுவில் ஒரே இடத்தில் ‘பொக்’கென்று மேலே எழும்பி மடங்குமே, அந்த மாதிரி.

அதனால் இந்த நட்சத்திரங்களுக்குக் கத்தியால் வெட்டின மாதிரி விளிம்பு கிடையாது. டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறு எந்த நிறங்களை விழுங்குகிறதோ அந்த நிறத்தில் பார்த்தால் நட்சத்திரம் பெரிதாகத் தெரியும், வேறு நிறத்தில் பார்த்தால் சுருங்கித் தெரியும். “ஆரம் எவ்வளவு” என்ற கேள்விக்குப் பின்னால் “எந்த ஒளியில்” என்ற கேள்வி எப்போதும் நிற்கும். எது பெரியது என்ற போட்டியில் எனக்கு ஆர்வம் குறைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நம் பக்கத்து விஷயம். கோரமங்கலாவில் இந்திய வானியற்பியல் மையம் இருக்கிறதே, அதை இங்கே வளர்த்தெடுத்தவர் வைணு பாப்பு. அவரும் ஓலின் வில்சனும் 1957-இல் ஒன்றைக் கண்டு வெளியிட்டார்கள். ஆரஞ்சு, சிவப்பு நட்சத்திரங்களின் நிறமாலையில் கால்சியத்தின் ஒரு கருங்கோட்டுக்கு நடுவில் மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று இருக்கும். அதன் அகலம் கூடக் கூட நட்சத்திரத்தின் உண்மையான ஒளியும் கூடும். கீற்றின் அகலத்தை அளந்தால் போதும், உண்மை ஒளி தெரியும். அதிலிருந்து தூரம் வந்துவிடும். எவ்வளவு அழகான வழி! டபிள்யூ26-க்கு மட்டும் இது கைகொடுக்காது. அந்தக் கோடு இருப்பது ஊதா நிறத்தில். தூசி முதலில் விழுங்குவது ஊதாவைத்தான்.

அப்படியானால் தூரத்துக்கு எங்கே போவது? கொத்திடம்தான் கேட்க வேண்டும்.

வெஸ்டர்லண்ட் 1 சாதாரணக் கொத்து இல்லை. கார்த்திகையின் ஆறு மீன்களைப் பார்த்திருக்கிறாய், அதுவும் கொத்துதான், அதன் மொத்த நிறை சில நூறு சூரியன்கள். வெஸ்டர்லண்ட் 1-இன் நிறை ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் சூரியன்கள் வரை சொல்கிறார்கள். அதன் நடுப்பகுதி முழுவதும் ஆறேழு ஒளியாண்டு அகலத்துக்குள் அடங்கிவிடும். நம் சூரியனுக்கு அடுத்த நட்சத்திரமே நான்கு ஒளியாண்டுக்கு மேல் தள்ளி இருக்கிறது என்பதை இதோடு வைத்துப் பார். அந்தக் கூட்டத்துக்குள் நான்கு சிவப்பு சூப்பர்ஜெயன்ட்டுகள் இருக்கின்றன. நம் டபிள்யூ26 அதில் ஒன்று. கூடவே அபூர்வமான மஞ்சள் ஹைப்பர்ஜெயன்ட்டுகள் ஆறு. வெளித்தோலை உதிர்த்துவிட்டு உள்சூட்டைக் காட்டிக்கொண்டு நிற்கும் உல்ஃப்-ரேயெட் நட்சத்திரங்கள் 24. போதாதற்கு, வெடித்த நட்சத்திரத்தின் நடுப்பகுதி நசுங்கி மிஞ்சிய ஒரு காந்த நியூட்ரான் நட்சத்திரம், மேக்னடார் என்பார்கள். ஏற்கெனவே அங்கே ஒருவர் வெடித்துப் போய்விட்டார் என்பதற்கு அதுவே அடையாளம்.

இவ்வளவு பேரும் ஒரே மேகத்திலிருந்து பிறந்தவர்கள் என்றால் எல்லோருக்கும் தூரம் ஒன்று. பல நூறு நட்சத்திரங்களின் அளவுகளைச் சேர்த்து ஒரு தூரம் எடுக்கலாம். நட்சத்திரங்களின் தூரத்தை அளக்க 2013-இல் ஏவப்பட்ட காயா விண்கலம் அதற்கு வழி செய்தது. ஆனால் கேள், 2020-இல் காயாவை வைத்து வந்த ஒரு கணக்கு சுமார் 8,500 ஒளியாண்டு என்றது. 2022-இல் அதே காயாவின் புதிய தரவை வைத்து வந்தவை 13,000 ஒளியாண்டுக்கு மேல் என்றன. நெரிசலான இடம், நடுவில் தூசி. பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரம் இடம் மாறித் தெரியும் கோணம்தான் தூரத்தைச் சொல்லும், அதுவோ மிகச் சிறியது. சிறு சறுக்கல் போதும். முன்னே சொன்ன விதியைப் போடு. 13,500 ஒளியாண்டில் 1500 மடங்காக இருக்கும் நட்சத்திரம், 8,500 ஒளியாண்டில் 950-க்கும் கீழே இறங்கிவிடும். திருவாதிரையைவிட அவ்வளவு ஒன்றும் பெரியது இல்லை என்று ஆகிவிடும். வீடியோ செய்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இப்போது வயது. இங்கேதான் விஷயம் சூடாகிறது.

கனமான நட்சத்திரம் வேகமாக வாழ்ந்து முடிக்கும். சூரியனுக்கு ஆயுள் சுமார் 1000 கோடி வருடம். இருபது சூரியன் நிறை கொண்டதற்கு ஒரு கோடி வருடம்கூட நிச்சயமில்லை. ஆகவே ஒரே நாளில் பிறந்த கூட்டத்தில் யார் யார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், யார் முதுமைக்கு வந்துவிட்டார்கள் என்று பார்த்தால் கூட்டத்தின் வயது தெரிந்துவிடும். உல்ஃப்-ரேயெட் வகை பொதுவாக மிகக் கனமான நட்சத்திரங்களின் கடைசிக் கட்டம், ஆகவே சீக்கிரம் வந்து சீக்கிரம் மறையும். சிவப்பு சூப்பர்ஜெயன்ட்டுகள் கொஞ்சம் எடை குறைந்தவை, ஆகவே தாமதமாக வரும். வெஸ்டர்லண்ட் 1-இல் இரண்டும் ஒரே சமயத்தில் நிற்கின்றன. இரண்டு தலைமுறைக்காரர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பது போல.

வெகுநாள் வரை எல்லோரும் ஒத்துக்கொண்ட வயது 40 லட்சத்திலிருந்து 50 லட்சம் வருடம். அப்படி என்றால் இன்றைக்கு முதுமையில் இருக்கும் நட்சத்திரங்கள் பிறக்கும்போது முப்பத்தைந்து, நாற்பது சூரியன் நிறை கொண்டவை. அதற்கு முன்பே செத்துப்போன மேக்னடாரின் தாய் நட்சத்திரம் நாற்பதுக்கு மேல். இது பெரிய செய்தியாக இருந்தது, ஏனென்றால் நாற்பது சூரியன் நிறை கொண்டது நேரே கருந்துளையாகத்தான் போகும் என்று பலர் நினைத்திருந்தார்கள். பாடப்புத்தகத்தைத் திருத்த வேண்டியிருக்குமோ என்ற பேச்சு வந்தது.

பிறகு 2021-இல் ஒரு குழு டபிள்யூ26-ஐயும் அதன் மூன்று கூட்டாளிகளையும், மஞ்சள் ஹைப்பர்ஜெயன்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் மொத்த ஒளியை அகச்சிவப்பு வரை சேர்த்துக் கூட்டிப் பார்த்தது. அந்த ஒளி 50 லட்சம் வருடக் கொத்துக்குப் போதவில்லை. சுமார் ஒரு கோடி வருடக் கொத்துக்குத்தான் பொருந்தியது. அப்படியானால் உல்ஃப்-ரேயெட்டுகள் எப்படி இன்னும் இருக்கின்றன? இரட்டை நட்சத்திரங்கள் ஒன்றின் பொருளை ஒன்று உறிஞ்சிக்கொண்டதாலா? கொத்து ஒரே தடவையில் பிறக்காமல், நீண்ட காலம் விட்டுவிட்டுப் பிறந்ததா? மேக்னடாரின் தாய்க்கு நாற்பது சூரியன் என்றோமே, அது என்ன ஆவது? நான்கு சிவப்பு நட்சத்திரங்களின் ஒளியைத் திரும்பக் கூட்டிப் பார்த்ததில் இவ்வளவு கேள்விகள் கிளம்பின. என் அபிப்பிராயம், ஒரே வயது என்ற எண்ணம்தான் முதலில் உடையும். இரட்டை நட்சத்திரங்கள் நிறைந்த கூட்டத்தில் ஒரே கடிகாரம் எல்லோருக்கும் ஓடாது.

டபிள்யூ26-இன் அருகில் போய்ப் பார்க்கக் கூடியதாக ஒன்று இருக்கிறது. சிலியின் பரனல் மலையில் இருக்கும் 2.6 மீட்டர் சர்வே தொலைநோக்கி, ஹைட்ரஜன் ஒளிரும் ஒரே ஒரு சிவப்பு நிறத்தை மட்டும் வடிகட்டி இந்தப் பகுதியைப் படம் எடுத்தது. டபிள்யூ26-ஐச் சுற்றி ஒரு ஒளிரும் மேகம் தெரிந்தது. அந்த நட்சத்திரத்தை ஒட்டி ஒரு உறை, கொஞ்சம் தள்ளி முக்கோண வடிவில் இன்னொரு துண்டு. நட்சத்திரம் தன் மேல்தோலைத் தானே உதிர்த்துக் கொட்டியது அது. இதில் என்ன அதிசயம் என்றால், மேகம் ஒளிர வேண்டுமானால் ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரான் பிடுங்கப்பட வேண்டும். எந்தச் சூட்டில் எந்த அணு எலக்ட்ரானை இழக்கும் என்று 1920-இல் கணக்கு எழுதிக் கொடுத்தவர் நம் மேகநாத் சாஹா. மூவாயிரத்துச் சொச்சம் கெல்வினில் இருக்கும் ஒரு சிவப்பு நட்சத்திரத்துக்கு அந்தத் தெம்பு கிடையாது. அப்புறம் யார் ஏற்றினார்கள்? பக்கத்தில் நிற்கும் நீல நட்சத்திரங்களின் புற ஊதா ஒளிதான் அதற்கு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. தனியாக ஒரு காட்டில் நின்றிருந்தால் டபிள்யூ26 கொட்டியது நம் கண்ணுக்கே பட்டிருக்காது. கூட்டத்தில் நிற்பதால் அக்கம்பக்கத்து விளக்கு அதன் மேல் விழுந்து தெரிகிறது. இதைப் படித்த அன்று இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை.

கொட்டுவது கொஞ்சநஞ்சம் இல்லை. இந்த வகை நட்சத்திரங்கள் ஒரு லட்சம் வருடத்தில் ஒரு சூரியன் அளவுக்குப் பொருளை வெளியே தள்ளக்கூடும். 2019 கடைசியில் திருவாதிரை திடீரென்று மங்கியதே, அதற்குக் காரணமும் இதே வழக்கம்தான். ஒரு கட்டி வாயுவைத் துப்பியது, அது குளிர்ந்து தூசியாகி நமக்கு எதிரே நின்று மறைத்தது. அந்த வருடம் ஆருத்ரா தரிசனத்தன்று அல்சூரில் கோவிலுக்கு வெளியே நான்கு பேரை நிறுத்தி வைத்துத் திருவாதிரையைக் காட்டினேன். ரோகிணியைவிடவும் மங்கிப் போயிருந்தது.

சரி, வெடிப்பு. டபிள்யூ26 எப்போது வெடிக்கும்? உள்ளே எது எரிகிறது என்று வெளியே தெரியாது. இருபத்தைந்து சூரியன் நிறை கொண்ட நட்சத்திரத்துக்குப் போட்ட கணக்கில், ஹைட்ரஜன் எரிய சுமார் 70 லட்சம் வருடம், ஹீலியத்துக்கு சில லட்சம் வருடம், கார்பனுக்கு சில நூறு வருடம், நியானுக்கு ஒரு வருடம், ஆக்சிஜனுக்கு மாதங்கள், சிலிக்கானுக்கு ஒரே ஒரு நாள். கார்பன் தொடங்கிய பிறகும் மேல்தோலுக்குச் சேதி போய்ச் சேராது, அது அவ்வளவு தள்ளி இருக்கிறது. ஆகவே நாளை வெடித்தாலும் ஆச்சரியமில்லை, ஒரு லட்சம் வருடம் கழித்து வெடித்தாலும் ஆச்சரியமில்லை. சத்தமில்லாமல் கருந்துளைக்குள் அமிழ்ந்து போகவும் வழி இருக்கிறது. வெடித்த நட்சத்திரங்களின் பழைய படங்களைத் தேடிப் பார்த்தவர்களுக்கு, சுமார் பதினேழு, பதினெட்டு சூரியனுக்கு மேற்பட்ட சிவப்பு சூப்பர்ஜெயன்ட் வெடித்ததாகச் சான்று சரியாகக் கிடைக்கவில்லை. அவை எங்கே போகின்றன என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது.

வெடித்தால் முதலில் வருவது ஒளி இல்லை, நியூட்ரினோ என்ற நுண்துகள். மேல்தோலைக் கிழித்துக்கொண்டு ஒளி வெளியேற மணிக்கணக்கில் ஆகும், நியூட்ரினோவை எதுவும் தடுக்காது. 1987-இல் பக்கத்து விண்மீன் மண்டலத்தில் ஒன்று வெடித்தபோது உலகம் முழுவதும் பிடிபட்டவை இரண்டு டஜன் நியூட்ரினோக்கள்தான், ஒளிக்கு மூன்று மணி நேரம் போல முன்னால் வந்தன. டபிள்யூ26 அதைவிட மிகக் கிட்டே. ஜப்பானில் இருக்கும் சூப்பர் காமியோகாண்டே போன்ற ஒன்றில் பல்லாயிரக்கணக்கில் பதிவாகும். நியூட்ரினோ என்றதும் எனக்குத் தங்கவயல் ஞாபகம் வந்துவிடும். என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதே தங்கவயலில், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கு மேலான ஆழத்தில், 1965-இல் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதிப் பிறக்கும் நியூட்ரினோவை முதன்முதலாகக் கண்டார்கள். தமிழ் பேசும் தொழிலாளர்கள் தோண்டிய குழிக்குள் நடந்த வேலை. உன் வகுப்பில் யாருக்காவது இது தெரியுமா என்று கேட்டுப் பார்.

நமக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டாய். ஆகாது. பத்தாயிரம் ஒளியாண்டு அளவில் இருக்கும் ஒன்று நம் காற்றைக்கூடத் தொடாது. ஆனால் நீ எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். அது வெடித்தாலும் நம் வெறும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இந்த வகை வெடிப்பின் சராசரிப் பிரகாசத்தை எடுத்து, 13,000 ஒளியாண்டுத் தூரத்தில் வைத்தால், தூசி இல்லாவிட்டால் வெள்ளிக் கிரகம் போல ஜொலிக்கும். நடுவில் நிற்கும் தூசியைக் கழித்தால் ஏழாம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்தக் கணக்கில் எண் கூடக் கூட மங்கல். நல்ல இருட்டிலும் கண்ணுக்கு எல்லை ஆறு. பைனாகுலர் வேண்டும். திருவாதிரை வெடித்தால் கதை வேறு, பட்டப்பகலில் தெரியும். நட்சத்திரம் எவ்வளவு பெரியது என்பதைவிட, நடுவில் என்ன நிற்கிறது என்பது அந்த ராத்திரியை முடிவு செய்யும்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் அதிகாலை மூன்று மணிக்கு அந்தக் கொத்து நேர்த் தெற்கில் உச்சத்தில் இருக்கும். நம் மாடியில் வேலைக்காகாது. ஜவ்வாது மலையில் காவலூர் பக்கம் போனால் வானம் நன்றாக இருக்கும், உன் அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தேளின் வால் வளையும் இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம் தெரியும், ஒன்று ஆரஞ்சு, ஒன்று நீலம். அதற்குச் சற்று மேலே பைனாகுலரில் ஒரு சிறிய இளம் கொத்து கொட்டின வைரப்பொடி மாதிரி இருக்கும், அதை நன்றாகப் பார்த்துவிடு. பிறகு கையை நீட்டி, அந்த ஜோடியிலிருந்து இரண்டு விரல் கீழே இறக்கு. அங்கே ஒன்றும் தெரியாது. அதுதான் இடம்.